முறுக்குக் கொட்டகையில் கேட்ட சத்தம்

அன்று முற்பகல் பதினொன்றே காலுக்கு வாகனப் பதிவு அலுவலகத்தின் முறுக்குக் கொட்டகையில் இருந்தவர்கள்: நான், என் தங்கை, என் மாப்பிள்ளை, பதிவு அதிகாரி, முறுக்குநர் என்ற பதவியில் இருப்பவர், செவிச்சாட்சி என்ற பதவியில் இருக்கும் அம்மாள், ஆளுக்கொரு நம்பர் பிளேட்டை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த முப்பத்திரண்டு பேர். வேறு யாரும் இல்லை. தானும் அங்கே இருந்ததாக இப்போது சொல்லித் திரிகிற எங்கள் எதிர்வீட்டுக்காரர் அங்கே இல்லை.

நான் முப்பத்தாறு வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவன். யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதாமல் எனக்கு எதையும் எழுத வராது. அந்த வருடங்களில் பிறருடைய குற்ற ஒப்புதல்களை ஆயிரக்கணக்கில் தட்டச்சு செய்து, நேராக அடுக்கி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பென்சிலால் காட்டியிருக்கிறேன். என் குடும்பத்திலிருந்து ஒருவர்கூட அந்தப் பென்சில் கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

எங்கள் காருக்குப் பதினான்கு வயது. பின்பக்கம் நம்பர் பிளேட்டைத் தாங்கும் பிராக்கெட் இரண்டு போல்ட்டுகளில் நிற்கிறது. ஒன்பது மாதத்துக்கு முன் பதிவைப் புதுப்பித்தபோது அந்த இரண்டையும் அலுவலகத்தாரே புதிதாக மாட்டி, மேலே சிவப்பு அரக்கு ஊற்றி முத்திரை வைத்தார்கள். அந்த முத்திரையைக் கலைப்பது குற்றம். நாங்கள் கலைக்கவில்லை. வண்டியைத் துடைக்கும்போதுகூட அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் என் துணி போகும்.

கோடை வந்தது. ஒரு நாள் கடைவீதியில் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் தகரம் விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

"அண்ணே, நம்ம வண்டியிலேருந்து என்னமோ கழண்டு விழுந்திருச்சு," என்றாள் பின்னிருக்கையில் இருந்த என் தங்கை.

"நம்ம வண்டியிலேருந்து எதுவும் விழாது."

"அப்ப யாரோ நம்ம நம்பரை எழுதி நடுரோட்டுல போட்டு வெச்சிருக்காங்க போல."

என் தங்கைக்கு அறுபத்தெட்டு வயது. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எல்லா விதத்திலும் குடும்பத்துக்கு ஏற்றவள், ஒன்றைத் தவிர. சும்மா உட்கார்ந்தால் விரல்களை நெட்டி முறிப்பாள். காய்ந்த சுள்ளி ஒடிவது போலக் கேட்கும். திருமண வீட்டிலும் முறிப்பாள், இழவு வீட்டிலும் முறிப்பாள். நாலு பேர் நடுவில் அது மரியாதை இல்லை என்று அவளுடைய ஆறு வயதிலிருந்து சொல்லி வருகிறேன். பிராக்கெட்டோடு கிடந்த பிளேட்டை நான் இறங்கி எடுத்து வந்தபோதும் ஒன்று முறித்தாள்.

மாப்பிள்ளை வண்டியை நேரே மெக்கானிக்கிடம் விட்டார். மெக்கானிக் தரையில் படுத்துப் பார்த்தார். போல்ட்டுகளின் தலை அரக்கோடு பிளேட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. உடல் வண்டிக்குள்ளேயே சிக்கியிருந்தது. சிக்கிய துண்டின் முனையில் ஹாக்ஸா பிளேடால் ஒரு காடி வெட்டி, நாலு சொட்டு எண்ணெய் விட்டு, ஸ்க்ரூடிரைவரை அதில் பொருத்திப் பொறுமையாகத் திருகி வெளியே எடுத்தார். இரண்டையும் எடுக்க அரைமணி நேரம் ஆனது. பிறகு ஒரு துண்டை என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஐயா, இது இன்னைக்கு உடைஞ்சதில்ல. கழுத்தைப் பாருங்க. முக்கால்வாசி துரு ஏறிக் கெடக்கு. ஓரத்துல மட்டும்தான் புது வெட்டு. மாட்டின அன்னைக்கே உடைச்சிருக்காங்க."

"அப்புறம் ஒன்பது மாசம் எப்படி நின்னுச்சு?"

"அரக்குல நின்னுச்சு. வெயில்ல அரக்கு இளகுச்சு, பிளேட்டு எறங்கிருச்சு. இந்த மாசத்துல எனக்கு இது பத்தொன்பதாவது வண்டி."

"நீங்களே வேற போல்ட் போட்டுக் குடுத்திருங்களேன்," என்றார் மாப்பிள்ளை.

"போட்டா என் லைசென்ஸ் போயிரும், சார். அங்கதான் போகணும். ஒரு ஸ்பிரிங் வாஷர் வெச்சு, கையால இறுக்கிட்டு, அப்புறம் ஸ்பேனர்ல கால் சுத்து சுத்தினாப் போதும். ஆனா அவங்க சத்தம் வர்ற வரைக்கும் முறுக்குவாங்க." உடைந்த நாலு துண்டுகளையும் ஒரு தீப்பெட்டியில் போட்டு என்னிடம் தந்தார். "விட்றாதீங்க, ஐயா."

மறுநாள் காலை போனோம். வழியெல்லாம் என் தங்கை பிளேட்டைப் பின்கண்ணாடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

முதல் ஜன்னலின் பெயர் உடைந்த உறுப்புகள் பிரிவு. அங்கிருந்த எழுத்தர் தீப்பெட்டியைத் திறந்து, தலைகளை ஒரு உறையிலும் உடல்களை இன்னொரு உறையிலும் போட்டு, இரண்டையும் எடை பார்த்தார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். தலைப்பு: கவனக்குறைவு ஒப்புதல். போல்ட் உடைந்த காரணத்துக்கு அதில் மூன்று கட்டங்கள் இருந்தன. முதலாவது, கவனக்குறைவு. இரண்டாவது, மிகுந்த கவனக்குறைவு. மூன்றாவது, பரம்பரைக் கவனக்குறைவு.

"மூணாவதுல டிக் பண்ணிக் கையெழுத்துப் போடுங்க, ஐயா."

"ஏன் மூணாவது?"

"வண்டி பத்து வருஷத்துக்கு மேல ஒரே குடும்பத்துல இருந்தா மூணாவதுதான்."

"நாங்க உடைக்கல. நீங்க முறுக்கினப்பவே உடைஞ்சிருக்கு. துருவைப் பாருங்க."

"அதுக்குக் கட்டம் இல்லையே."

"கட்டம் இல்லன்னா நடக்கலன்னு ஆயிருமா?"

"நடந்திருந்தா கட்டம் போட்டிருப்பாங்களே, ஐயா," என்றார். கிண்டல் இல்லை. என் மேல் உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். "இப்பவே போடணும்னு இல்ல. ஆனா கையெழுத்து ஆகாத வண்டி வாசலைத் தாண்டாது. உள்ள வகுப்பு ஆரம்பிக்கப் போறாங்க. யோசிச்சுப் போடுங்க."

கையெழுத்துப் போட்டவர்களின் பெயர், குடும்பத்தின் பெயர், டிக் செய்த கட்டம் எல்லாவற்றையும் வாசலில் உள்ள பலகையில் ஒரு வருடம் ஒட்டி வைப்பார்கள். நான் போய்ப் படித்தேன். ஊரில் பாதிக் குடும்பங்கள் அதில் இருந்தன. பதினோரு வருடம் நான் யாருடைய தீர்ப்புகளைத் தட்டச்சு செய்தேனோ அந்த நீதிபதியும் இருந்தார். பரம்பரைக் கவனக்குறைவு. கீழே கையெழுத்து. அந்தக் கையெழுத்தை எனக்கு யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை.

"மாமா, ஒரு கையெழுத்துதானே," என்றார் மாப்பிள்ளை. "ஜட்ஜே போட்டிருக்காரு. ஒரு மூலையில பேர் இருக்கும். யாரு வந்து பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்."

"நீங்க அந்தப் பக்கமே வரவேண்டாம், மாமா."

"எங்க அப்பா பேரு அதுக்குக் கீழ வரும், மாப்பிள்ளை. 'பரம்பரை'ன்னா வேற யாரு?"

அவர் நல்ல மனிதர். அவசரக்காரர், அவ்வளவுதான்.

வகுப்பின் பெயர் கவன வகுப்பு. நீண்ட அறை, இரண்டு மின்விசிறிகள், ஒன்றுதான் சுற்றியது. பிளேட்டை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்தோம். பதிவு அதிகாரி ஒரு வரைபடத்தை மாட்டிவிட்டுப் பேசினார்.

"மழைக்காலத்துல பிளேட் விழறது கிட்டத்தட்ட இல்ல. கோடையில நாலு மடங்கு. இதுலேருந்து என்ன தெரியுது? வெயில் ஏற ஏற மக்களோட பொறுப்புணர்ச்சி எறங்குது. அலுவலகம் வருஷம் முழுக்க ஒரே மாதிரிதான் முறுக்குது. மாறுறது நீங்கதான்."

சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"சில பேரு போல்ட்டு சரியில்லைன்னு சொல்றாங்க. அதையும் நாங்க ஆராய்ச்சி பண்ணிட்டோம். நம்ம அலமாரியில ஆறாயிரம் போல்ட் இருக்கு. அதுல ஒண்ணுகூட உடையல. உங்க கைக்கு வந்த பிறகுதான் உடையுது."

நான் எழுந்து நின்றேன். எனக்கு எழுபத்து நாலு வயது. நின்றால் இன்னும் நேராகத்தான் நிற்பேன்.

"ஒரு கேள்வி. சத்தம் வர்ற வரைக்கும் முறுக்குறது எதுக்கு?"

அதிகாரியின் முகம் மலர்ந்தது. இதை யாரும் இதுவரை அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது.

"நல்ல கேள்வி, பெரியவரே. முன்னாடி ஒரு தனி போல்ட் வந்துட்டிருந்தது. தேவையான அளவு இறுகினதும் அதோட தலை தானா ஒடிஞ்சு விழும். அப்புறம் எவனும் கழட்ட முடியாது. திருட்டுக்குப் பயந்து செஞ்ச ஏற்பாடு. டக்குன்னு சத்தம் வந்தா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதனாலதான் விதியில எழுதினாங்க, சத்தம் கேட்கும் வரை முறுக்குகன்னு."

"இப்பவும் அதே போல்ட்தானா?"

"இல்ல இல்ல. அது வர்றது நின்னு பதினோரு வருஷம் ஆச்சு. இப்ப சாதா போல்ட்."

"சாதா போல்ட்டுல சத்தம் வராதே."

"வர வைக்கிறோம்," என்றார் அவர். மார்பு கொஞ்சம் உயர்ந்தது. "சுலபமில்ல. முறுக்குநருக்கு ரெண்டு தடவை தோள்பட்டை எறங்கிப் போச்சு. ஆனா இந்தப் பதினோரு வருஷத்துல ஒரு வண்டியைக்கூட நாங்க சத்தமில்லாம வெளிய அனுப்பினதில்ல."

அவர் சொன்னதன் பொருள் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. அவர் ஒருவரைத் தவிர. மடியில் இருந்த பிளேட்டை எல்லோரும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார்கள். என் தங்கை மட்டும், "அண்ணே, இந்த ஆளு நல்லாப் படிச்சவரு போல," என்றாள். அது ஜன்னல் வரைக்கும் கேட்டது.

அங்கிருந்து எல்லோரையும் கொட்டகைக்கு அழைத்துப் போனார்கள். சுவரில் ஆளுயரத்துக்கு எழுதியிருந்தது: சத்தம் கேட்கும் வரை முறுக்குக. அதன் கீழே உயரமான ஒரு ஸ்டூலில், மடியில் பதிவேட்டோடு, சுவரைப் பார்த்தபடி செவிச்சாட்சி அம்மாள் உட்கார்ந்திருந்தார். கண் பார்த்தால் காது பாரபட்சம் காட்டும் என்பதால் அந்தப் பதவியில் இருப்பவர் வண்டியைப் பார்க்கக் கூடாது. இருபத்திரண்டு வருடமாக அவர் பார்க்கவில்லை. முறுக்குநர் ஒல்லியான மனிதர். அவருடைய ஸ்பேனரின் பிடியில் முக்கால் ஆள் நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாயை மாட்டியிருந்தார்கள்.

எங்களுக்கு முன்னால் ஒரு வண்டிதான் இருந்தது. முறுக்குநர் போல்ட்டை மாட்டினார், இறுக்கினார், இன்னும் இறுக்கினார், குழாயின் மேல் சாய்ந்து தொங்கினார். டக்.

"கேட்டது," என்றார் அம்மாள் சுவரிடம், எழுதிக்கொண்டார். உடனே அரக்கு. இன்னொரு டக். "கேட்டது." இன்னொரு அரக்கு. வண்டிக்காரர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் முறை வந்தது. என் தங்கை பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் வண்டியின் பின்னால் போய் நின்றேன். பிராக்கெட்டின் துளைகளை நேர்படுத்தி, முறுக்குநர் முதல் போல்ட்டை ஸ்பிரிங் வாஷரோடு கையால் ஏற்றினார். ஸ்பேனரை மாட்டினார். ஸ்பிரிங் வாஷர் அமுங்கித் தட்டையானது. மேலும் கால் சுற்று போனது. நான் அந்தக் குழாயைப் பிடித்தேன்.

"போதும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "போதும்னு என் கைக்கும் தெரியுது, ஐயா," என்றார் தணிந்த குரலில். "ஆனா அந்தம்மாவுக்குக் கேக்கணுமே."

"கேக்காது. உடையாத போல்ட்டுக்குச் சத்தம் கிடையாது."

அதிகாரி வந்தார். "பெரியவரே, கையை எடுங்க."

"எடுக்க மாட்டேன்."

"சத்தமில்லாம மாட்டினா அது மாட்டினதே இல்ல. வண்டி வெளிய போகாது."

"நானும் போக மாட்டேன். ஒண்ணு ரெண்டு விஷயத்தை இப்பவே எழுதிக்குங்க. இந்தப் போல்ட்டை இன்னொரு தடவை உடைக்க விடமாட்டேன். உடைச்சது நாங்கன்னு கையெழுத்தும் போடமாட்டேன்."

"மாமா, பிரஷர் ஏறப்போகுது," என்றார் மாப்பிள்ளை.

"ஏறட்டும்."

பத்து நிமிடம் அப்படியே நின்றோம். குழாயின் ஒரு முனையில் நான், நடுவில் முறுக்குநர், மறுமுனையைத் தொடவும் தொடாமலும் அதிகாரி. அம்மாள் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக் காத்திருந்தார். முப்பத்திரண்டு பேரும் மடியில் இருந்த பிளேட்டை அசையாமல் பிடித்திருந்தார்கள்.

அப்போது பெஞ்சிலிருந்து, காய்ந்த சுள்ளி ஒடிவது போல, டக் என்று ஒரு சத்தம்.

"கேட்டது," என்றார் அம்மாள், எழுதிவிட்டார்.

முறுக்குநர் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. ஸ்பேனரை உருவிவிட்டு அரக்கை ஊற்றினார்.

நான் திரும்பி என் தங்கையைப் பார்த்தேன்.

"என்னண்ணே மொறைக்கிற? விரல் மரத்துப் போச்சு. எவ்வளவு நேரம் சும்மா உக்காந்திருக்கிறது?"

மாப்பிள்ளை சிரிப்பை அடக்க இருமினார். வேறொருவராக இருந்தால் அத்தோடு வண்டியை எடுத்துக்கொண்டு போயிருப்பார். ஆனால் பொய்யான ஒரு பதிவை நான் பார்த்துக்கொண்டு போனதில்லை. அது எனக்குச் சாதகமாக இருந்தாலும்.

"அம்மா, பதிவைத் திருத்துங்க," என்றேன். "நீங்க கேட்டது போல்ட் இல்ல. என் தங்கச்சியோட விரல்."

"மாமா!" என்றார் மாப்பிள்ளை.

அம்மாள் திரும்பவில்லை. "நான் கேட்டது சத்தம். எதோட சத்தம்னு கேக்குறது என் வேலையில்ல."

"திருத்த முடியாது," என்றார் அதிகாரி. அவருடைய குரல் மாறியிருந்தது. "இருபத்திரண்டு வருஷத்துல அவங்க பதிவேட்டுல ஒரு திருத்தம் கிடையாது."

"சரி, திருத்த வேண்டாம். இந்தச் சத்தத்துல போல்ட் உடையல. அதுக்கு அவங்க எழுதியிருக்கிறது 'கேட்டது'. முன்னால போன வண்டியில போல்ட் உடைஞ்சுது. அதுக்கும் 'கேட்டது'. அப்ப எங்க போல்ட்டை யாரு உடைச்சதுன்னு உங்க பதிவேடு சொல்லாது. என் தீப்பெட்டிதான் சொல்லும். அதை உங்க ஜன்னல்லதான் எடை பாத்து வெச்சிருக்கீங்க. கொண்டு வரச் சொல்லுங்க. இத்தனை பேரும் துருவைப் பாக்கட்டும்."

அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார், ஆனால் யாரையும் அனுப்பவில்லை. முறுக்குநர் இரண்டாவது போல்ட்டை மாட்ட ஆரம்பித்தார். வாஷர் தட்டையானதும் கால் சுற்று சுற்றினார். இந்த முறை யாரும் குழாயைப் பிடிக்கவில்லை. அவரே நிறுத்தினார். ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு, பெஞ்சைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டார்.

பெஞ்சின் கோடியில் இருந்த ஒரு பேருந்து நடத்துநர் தன் பிளேட்டைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் கோத்து நீட்டினார். டக்.

"கேட்டது."

அவருக்குப் பக்கத்தில் இருந்த தையற்காரப் பெண் கட்டைவிரலை மடக்கினாள். டக். "கேட்டது." பின்வரிசையில் ஒருவர் கழுத்தையே திருப்பினார். "கேட்டது." அதன்பின் வரிசை என்று ஒன்று இருக்கவில்லை, அடைமழை தகரக் கூரையில் இறங்குவது போல இறங்கியது. அம்மாள் கடமை தவறாமல் ஒவ்வொன்றையும் எழுதினார். அந்தப் பதிவேட்டின்படி எங்கள் வண்டியின் பிராக்கெட்டில் இன்று நாற்பத்தோரு போல்ட்டுகள் இருக்கின்றன.

"நிறுத்துங்க! எல்லாரும் நிறுத்துங்க!" என்றார் அதிகாரி. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். என் கையிலிருந்த படிவத்தை வாங்கினார். மூன்று கட்டங்களுக்கும் கீழே, பேனாவால், நாலு பக்கமும் சேராத ஒரு கட்டத்தை வரைந்தார். பக்கத்தில் 'இதர' என்று எழுதினார்.

"இதுல என்ன வேணுமோ எழுதிக்குங்க. சுருக்கமா எழுதுங்க. பலகையில ஒட்ட மாட்டோம்."

"ஒட்டணும்," என்றேன்.

அந்தக் கட்டத்தின் விட்டுப்போன மூலையை முதலில் சேர்த்தேன். பிறகு எழுதினேன்: பொருத்தும்போதே அலுவலகத்தாரால் உடைக்கப்பட்டது. கீழே அப்பாவின் பெயருடன் முழுக் கையெழுத்து, தேதி, நேரம். பேனாவைத் திருப்பிக் கொடுக்க நான் கையை நீட்டியபோது, எனக்குப் பின்னால் முப்பத்திரண்டு பேரும் தங்கள் படிவத்தோடு வரிசையில் நின்றார்கள். அதிகாரி உட்கார்ந்து கட்டம் வரைய ஆரம்பித்தார்.

அன்று எங்கள் வண்டியிலிருந்து தொடங்கிக் கொட்டகையில் மாட்டிய பிளேட்டுகளில் ஒன்றுகூடக் கோடை முடியும்வரை விழவில்லை. இது கவன வகுப்பின் வெற்றி என்று அலுவலகம் அறிக்கை வெளியிட்டது. கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது: முறுக்குக் கொட்டகைக்குள் விண்ணப்பதாரர்கள் இரு கைவிரல்களையும் விரித்து வைத்திருக்க வேண்டும், மூட்டுத் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவச் சான்று கொண்டுவர வேண்டும். சுவரில் எழுதியது அப்படியே இருக்கிறது. ஆனால் முறுக்குநரின் ஸ்பேனரிலிருந்து குழாய் காணாமல் போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னார். யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை, தேடவும் இல்லையாம். சத்தம் எங்கிருந்து வருகிறது என்றும் யாரும் கேட்பதில்லையாம்.

ஒரு மாலை அந்த நீதிபதி எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, வெகுநேரம் வேறு எதையெதையோ பேசினார். எழுந்திருக்கும்போது, "அந்த நாலாவது கட்டம் எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

"வாங்கிக் குடுக்க முடியாது, ஐயா. நீங்களே போய் நின்னு கேக்கணும்."

பதினோரு வருடம் அவர் சொல்ல நான் எழுதியிருக்கிறேன். அன்று நான் சொல்ல அவர் கேட்டுக்கொண்டார். மறுநாள் போய் நின்றதாகக் கேள்விப்பட்டேன்.

என் தங்கை இப்போது எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் முகத்துக்கு நேரே முறிக்கிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை. வெளி ஆட்கள் இருக்கும்போது மட்டும் ஒரு பார்வை பார்ப்பேன்.

கடைசியாக ஒன்று. நான் என் விரலை முறித்து அலுவலகத்தை ஏமாற்றிவிட்டு வந்ததாக எதிர்வீட்டுக்காரர் தெருவெல்லாம் சொல்லி வருகிறார். அது தவறு. என் விரல்கள் முறிவதில்லை. முறித்தவள் என் தங்கை. இடது கை, மோதிர விரல், முதல் போல்ட்டுக்கு, ஒரே ஒரு முறை.